ஊர்காவற்றுறை

ஊர்காவற்றுறை இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண மாவட்டத்தின் வேலணைத் தீவில் வடமேற்கு முனையில் அமைந்த பழைய துறைமுக ஊர். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வழியாகச் சுமார் 20 கிலோமீற்றர் பயணம் செய்தால் இவ்வூரை அடையலாம். தெரு கடலில் முடிகிறது. எதிரே ஒடுங்கிய கடலிடுக்கு. அதற்கு அப்பால் காரைநகர். பாக்கு நீரிணையிலிருந்து யாழ்ப்பாணக் கடனீரேரிக்குள் நுழைந்த பெரிய கலங்கள் இந்த இடுக்கு வழியாகவே வந்தன. இரு தீவுகளும் இருபுறமும் அணை போல நிற்பதால் கடல் கொந்தளிக்கும் காலத்திலும் இங்கே நங்கூரமிட முடிந்தது. யாழ்ப்பாணத்தை ஆள விரும்பிய ஒவ்வோர் அரசும் முதலில் இந்தத் துறையின் மீது கண் வைத்ததற்கு இதுவே காரணம்.

உள்ளூரார் இதைக் காவலூர் என்றும் அழைப்பர். கல்வெட்டுகளில் காணும் பெயர் ஊராத்துறை, சிங்களத்தில் ஊராத்தொட்ட. ஆங்கில வழக்கில் உள்ள கயிற்ஸ் என்ற பெயர், கப்பல் அணையும் மேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. யானைகள் ஏற்றப்பட்ட துறை என்ற பொருளிலேயே போர்த்துக்கேயர் அவ்வாறு வழங்கினர்.

துறையின் தொன்மைக்கு உறுதியான சான்று இரண்டு திசைகளிலிருந்து கிடைக்கிறது. ஒன்று, அண்டைத் தீவான நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோவிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு (1153–1186) பிறப்பித்த ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதைப் படித்து வெளியிட்டார். பரதேசிகள் (வெளிநாட்டு வணிகர்) ஊராத்துறைக்கு வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்று ஆணை கூறுகிறது. பின்னர் உடைந்த கப்பல்களுக்கான விதி வருகிறது. அரசனுக்காக யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி. கரையொதுங்கியதெல்லாம் அரசனுக்கே என்ற வழக்கம் பல நாடுகளில் இருந்த காலத்தில், வணிகனின் பங்கை முன்கூட்டியே கல்லில் வெட்டி அறிவித்திருப்பது கவனிக்கத்தக்கது. யானைக்கும் குதிரைக்கும் கூடுதல் சலுகை தந்ததிலிருந்து, அரசனுக்கு அந்நாளில் எது அவசரத் தேவை என்பதும் விளங்குகிறது. சிங்கள அரசன் ஒருவன் வணிகருக்கான சட்டத்தைத் தமிழில் வெட்டுவித்தான் என்பது இத்துறையில் எந்த மொழி புழங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறது.

மற்றச் சான்று கடலுக்கு அக்கரையில், சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டில் உள்ளது. பாண்டிய நாட்டு அரியணைப் போரில் பராக்கிரமபாகு தலையிட்ட காலம் அது. ஈழத்தரசன் ஊராத்துறை, வலிகாமம், மாதோட்டம் முதலிய இடங்களில் படை திரட்டிக் கலங்கள் கட்டுவதை அறிந்து, சோழர் தரப்பு அவ்விடங்களைத் தாக்கி யானைகளைக் கைப்பற்றிய செய்தியை அக்கல்வெட்டு கூறுகிறது. ஒரே அரசனின் காலத்தில் ஒரு துறை வணிகர்க்குப் புகலிடமாகவும் போருக்குக் கலம் கட்டும் தளமாகவும் இருந்திருக்கிறது. வேலணைத் தீவின் கிழக்குப் புறத்தில், அல்லைப்பிட்டியில், 1970களின் பிற்பகுதியில் வெளிப்பட்ட சீனப் பீங்கான் ஓடுகள் சொங் வம்சக் காலத்தவை. தென்சீனத்தின் சூளைகளில் வெந்த கிண்ணங்கள் தீவகத்து (யாழ்ப்பாணத் தீவுகளின்) மணலில் கிடந்தன என்பது, கல்வெட்டு சொல்லும் பரதேசிகள் வெறும் சொல்லலங்காரம் அல்லர் என்பதற்கு ஆதாரம்.

யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் 1619இல் கைப்பற்றினர். கடலிடுக்கைக் காக்க இரண்டு கோட்டைகளை எழுப்பினர். ஊர்காவற்றுறைக் கரையில் பவளக்கல்லால் கட்டியது இன்று உருண்டிக் கோட்டை என்ற பெயரில் இடிபாடாக நிற்கிறது. மற்றது நீரின் நடுவே, சிறு திட்டொன்றை முழுவதும் நிறைத்து எழுந்த கடற்கோட்டை. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே அது நிற்கும் இடத்தைக் கரையிலிருந்து பார்த்தாலே அதன் வேலை விளங்கும்: அதன் பீரங்கிகளுக்குத் தப்பி எந்தக் கலமும் உள்ளே போக முடியாது.

ஆனால் கடற்கோட்டைக்கு ஒரு பெருங்குறை இருந்தது. சுற்றிலும் நீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. 1658இல் ஒல்லாந்தத் தளபதி ரைக்லொப் வான் கூன்ஸ் யாழ்ப்பாணத்தின் மீது படையெடுத்தபோது, உள்ளே சேமித்து வைத்த நன்னீர்த் தொட்டி தாக்குதலில் சேதமுற்றது. இரண்டு வாரம் தாக்குப்பிடித்த காவற்படை தாகம் தாங்காமல் பணிந்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் விழுந்தது. ஒல்லாந்தர் கடற்கோட்டையைத் திருத்தி எண்கோண வடிவில் வலுப்படுத்தி அமன்ஹீல் என்று பெயரிட்டனர். பன்றித்தொடையின் குதி என்பது அதன் பொருள்; இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித்தொடை போலத் தெரிந்தது. தீவுகளுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணைத் தீவு லைடன் ஆயிற்று, காரைநகர் அம்ஸ்ரர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ப்ற். இவற்றில் டெல்ப்ற் மட்டுமே இன்றும் ஆங்கில வழக்கில் தங்கியிருக்கிறது.

யானை வணிகம் இத்துறையின் உச்சக்காலம். வன்னிக் காடுகளில் பிடித்துப் பழக்கிய யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற நீரில் இறங்கிக் குடாநாட்டுக்குள் நடந்து வந்தன. யாழ்ப்பாணத்தில் நடந்த விற்பனைக்குக் கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வணிகர் வந்தனர். வாங்கிய யானைகளைக் கப்பலேற்ற ஊர்காவற்றுறைக்குக் கொண்டுவந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்வெட்டில் யானை வந்திறங்கும் துறையாகத் தெரியும் இடம், பதினேழாம் நூற்றாண்டில் யானையை ஏற்றியனுப்பும் துறையாக மாறிவிட்டது. போர்த்துக்கேயர் தொடங்கிய இந்த வணிகத்தை ஒல்லாந்தக் கும்பனி தன் இலங்கை வருவாயின் முக்கிய ஊற்றாக வளர்த்தது. யானையுடன் பனைமரமும், கடலில் மூழ்கி எடுத்த சங்கும் இக்கரையிலிருந்து தென்னிந்தியாவுக்குப் போயின. அங்கிருந்து நெல்லும் துணியும் வந்தன.

சமய வாழ்வும் இக்காலத்திலேயே இன்றைய உருவை எடுத்தது. போர்த்துக்கேயர் பரப்பிய கத்தோலிக்கத்தை ஒல்லாந்தர் தடைசெய்தனர், குருக்களைத் துரத்தினர். ஆயினும் கரையோரக் குடிகள் தம் வழிபாட்டைக் கைவிடவில்லை. கோவாவிலிருந்து 1687இல் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகள், யாழ்ப்பாணக் கத்தோலிக்கரிடையே மறைவாகப் பணி செய்து அவர்களை நிலைநிறுத்தினார். 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். இன்று ஊர்காவற்றுறைப் பட்டினத்தில் புனித அந்தோனியார் ஆலயமும் புனித மரியாள் ஆலயமும் மக்களின் வாழ்வோடு ஒன்றியவை. கூரை இழந்து முகப்பு மட்டும் நிற்கும் புனித யாகப்பர் ஆலயம் பயணிகளின் படங்களில் அதிகம் இடம்பெறுகிறது. கரம்பொன், நாரந்தனை முதலிய உள்ளூர்ப் பகுதிகள் சைவத்தின் பிடிமானம் மிக்கவை. கடற்கரையில் கண்ணகை அம்மன் இருக்கிறாள். இறங்குதுறைக்கும் அவள் பெயரே. மெலிஞ்சிமுனையின் கத்தோலிக்க மக்கள் தென்மோடிக் கூத்தை இன்றும் ஆடிவருகின்றனர்.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும் இத்துறையும் அவர்கள் வசமாயிற்று. நீதிமன்றம், சுங்கம், மருத்துவமனை, பள்ளிகள் என்று தீவகத்தின் தலைமை ஊராக ஊர்காவற்றுறை வளர்ந்தது. கடற்கோட்டை தொற்றுநோயாளரை ஒதுக்கி வைக்கும் இடமாகவும் சிறையாகவும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பாய்க்கப்பல்களும் தோணிகளும் நாகப்பட்டினம் முதலான துறைகளுக்கும் இங்குமாகப் போய்வந்தன. சரிவு மெல்ல வந்தது. நீராவிக் கப்பல்கள் பெருத்தன. 1905இல் கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை இருப்புப்பாதை முழுமையாக ஓடத் தொடங்கியது. 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை திறந்தது. சரக்குகள் பாயை விட்டு இரயிலுக்கு மாறின. சுதந்திரத்தின் பின் இலங்கை, இந்திய அரசுகள் விதித்த கடவுச்சீட்டு, சுங்கக் கட்டுப்பாடுகள் பாக்கு நீரிணையின் குறுக்கே பழகிவந்த தோணி வணிகத்தை முடித்துவைத்தன. ஒரு துறைமுகத்தைப் போரோ புயலோ அழிக்கவில்லை. கடலின் மீது வரைந்த கோடு அழித்தது.

தொழில் குன்றியதும் தீவகத்தார் ஊரை விட்டு வெளியே பிழைப்புத் தேடினர். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடைகள் திறந்தனர். மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போயினர். பின்னர் கனடா, பிரான்சு, பிரித்தானியா என்று பரந்தனர். வெளியேறியவர் அனுப்பிய பணத்தில் கோவில்களும் பள்ளிகளும் எழுந்தன. அரசியலில் 1947 முதல் ஊர்காவற்றுறை தனித் தேர்தல் தொகுதியாக இருந்தது. அல்பிரட் தம்பிஐயா, வி. ஏ. கந்தையா, வி. நவரத்தினம், பண்டிதர் கா. பொ. இரத்தினம் ஆகியோர் இத்தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றனர்.

இவ்வூர் தமிழுக்கு அளித்த மிகப் பெரிய கொடை தனிநாயகம் அடிகள். 1913 ஆகஸ்ட் 2 அன்று கரம்பொன்னில் பிறந்தார்; ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியில் தொடக்கக் கல்வி பெற்றார். உரோமையில் குருத்துவம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் என்று கற்று, ஆங்கிலத்தில் தமிழ் பற்றிய ஆய்விதழ் நடத்தினார். 1964இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமையவும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கவும் அவரே உந்துவிசை. ஐரோப்பிய நூலகங்களில் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களை அவர் தேடிக் கண்டார். 1554இல் லிஸ்பனில் உரோம எழுத்துகளில் அச்சான தமிழ் நூலைப் பற்றி எழுதினார். 1679இல் வெளிவந்த அந்தம் தெ புரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை மறுபதிப்பாக்கினார். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைகளைப் பார்த்து வளர்ந்த ஊரின் பிள்ளை, போர்த்துக்கேயர் காலத்துத் தமிழ் நூல்களை மீட்டுத் தந்தது பெருமைக்குரியது. அடிகள் 1980 செப்டெம்பர் 1 அன்று மறைந்தார். ஊரின் பெயரையே தம் பெயருடன் இணைத்துக்கொண்ட காவலூர் இராசதுரை சிறுகதை, வானொலி, திரைப்படம் என்று இயங்கியவர். தர்மசேன பத்திராஜ இயக்கிய ‘பொன்மணி’ (1977) படத்தின் கதை வசனம் அவருடையது. அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ நாவலில் இத்தீவின் மண்ணும் அதன் மீது விழுந்த போரின் வடுவும் உள்ளன.

போர்க்காலம் தீவகத்தை நெடுங்காலம் வெறுமையாக்கியது. 1971 கிளர்ச்சியின்போது கைதான மக்கள் விடுதலை முன்னணியினர் கடற்கோட்டையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து வந்த ‘குமுதினி’ படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1990, 1991ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளால் தீவகம் அரச படைகளின் கைக்கு வந்தது. மக்களில் பெரும்பகுதியினர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். 1992 ஆகஸ்ட் 8 அன்று, வேலணைத் தீவின் அராலித்துறையில் வெடித்த கண்ணிவெடியில் இராணுவத்தின் வடபகுதித் தளபதிகளான டென்சில் கொப்பேகடுவ, விஜய விமலரத்ன முதலிய உயர் அதிகாரிகள் பலியாயினர். அவ்விடத்தில் நினைவுச்சின்னம் உள்ளது. 1994 பொதுத் தேர்தலில் குடாநாட்டின் பெரும்பகுதியில் வாக்களிப்பு நடைபெறாத நிலையில், பெரும்பாலும் தீவக வாக்குகளால் ஈழ மக்கள் சனநாயகக் கட்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் 10 ஆசனங்களில் ஒன்பதைப் பெற்றது. 2006 மே 13 இரவு அல்லைப்பிட்டியிலும் அயலிலும் 13 பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்த மக்கள் எறிகணை வீச்சில் மாண்டனர். அவர்களைக் காக்க முயன்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுன் அடிகள், ஆகஸ்ட் 20 அன்று உதவியாளருடன் காணாமற்போனார்.

இன்று ஊர்காவற்றுறை வடதீவகப் பிரதேச செயலகத்தின் தலைமையிடம். மீன்பிடி, பனை, சிறு வேளாண்மை ஆகியவையே வாழ்வாதாரம். ஆழமற்ற கடலில் தடிகளை வரிசையாக நட்டுச் சிறகுவலை கட்டி, நீர் ஏறி வற்றும்போது ஒதுங்கும் இறாலையும் மீனையும் பிடிப்பது இங்குள்ள பழைய முறை. நண்டு வெளியூர்ச் சந்தைக்குப் போகிறது. அண்மைக்காலத்தில் கரையோரம் கடலட்டைப் பண்ணைகள் பெருகி, சிறகுவலைத் தொழிலாளரிடையே இடத்தகராறுகளை உண்டாக்கியுள்ளன. இந்திய இழுவைமடிப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வது தீவக மீனவரின் தீராத முறைப்பாடு. அது நியாயமான முறைப்பாடும்கூட. குடிநீர் எப்போதும் தட்டுப்பாடு. சாட்டி, மண்கும்பான் மணற்பகுதிகளில் தங்கும் மழைநீரே கிணறுகள் வழியாகத் தீவகத்துக்குக் கைகொடுத்து வந்திருக்கிறது. அந்த மணலைக் கள்ளமாக அள்ளிச் செல்வோர் தீவின் குடிநீரையே அள்ளிச் செல்கின்றனர்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே ஓடும் மிதவைப் படகை ஊரார் ‘பாதை’ என்கின்றனர். மோட்டார் சைக்கிள், துவிச்சக்கர வண்டி, பள்ளிப் பிள்ளைகள், மீன்பெட்டி எல்லாம் ஒன்றாக ஏறும். சில நூறு மீற்றர் கடல். சில நிமிடப் பயணம். பாதை பழுதுபட்டு நிற்கும் நாளில் அதே அக்கரைக்குப் போக யாழ்ப்பாணம் போய்ப் பொன்னாலை வழியாகச் சுற்ற வேண்டும். கண்ணகை அம்மன் இறங்குதுறையிலிருந்து அனலைதீவு, எழுவைதீவுகளுக்குப் படகுகள் செல்கின்றன. நயினாதீவு, நெடுந்தீவுப் பயணிகள் வேலணையிலிருந்து தாம்போதி கடந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறைக்குப் போய்ப் படகேறுவர்.

பார்க்க வருவோர்க்கு ஊர்காவற்றுறை நல்ல தளம். கடற்கோட்டை இப்போது கடற்படையின் பராமரிப்பில் விடுதியாக இயங்குகிறது; காரைநகர்ப் புறத்திலிருந்து படகில் அழைத்துச் செல்வர். வேலணைத் தீவின் தென்கரையில் சாட்டிக் கடற்கரை உண்டு. ஆழமற்றது, குழந்தைகள் குளிக்க ஏற்றது. அருகே சிந்தாத்திரை மாதா ஆலயம். பாதையில் அக்கரை ஏறினால் காரைநகரின் கசூரினாக் கடற்கரையும் கோவளம் வெளிச்சவீடும். நயினாதீவின் நாகபூசணி அம்மன் கோவிலில் ஆனித் திருவிழாக் காலத்தில் படகுகளில் நிற்க இடமிராது. புத்தர் வந்ததாக மகாவம்சம் கூறும் நாகதீபம் இதுவே என்ற நம்பிக்கையால் தென்னிலங்கைப் பௌத்தரும் அங்குள்ள விகாரைக்கு ஆண்டு முழுவதும் வருகின்றனர். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஏறக்குறைய ஒரு மணிநேரக் கடல். பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்கு மரம், கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகள் ஆகியவை அங்கே காண வேண்டியவை. அக்குதிரைகள் ஐரோப்பியர் ஆட்சியில் நடந்த குதிரை வளர்ப்பின் எச்சம். கோடையில் குட்டைகள் வற்றும்போது தண்ணீரின்றிச் சாகின்றன.

பெப்ரவரி முதல் ஏப்பிரல் வரை கடல் பெரும்பாலும் அடங்கியிருப்பதால் பயணத்துக்கு ஏற்ற காலம். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வாடைக்காற்றும் மழையும், படகுகள் நிறுத்தப்படுவதுண்டு. கடற்கோட்டையைக் காண வருபவர்கள் பெரும்பாலும் அதனுடன் திரும்பிவிடுகின்றனர். எதிர்க்கரையின் உருண்டிக் கோட்டை பற்றையும் முட்செடியும் மூடிக் கல் கல்லாக உதிர்ந்து வருகிறது. இரண்டும் ஒரே துறையைக் காக்க ஒரே அரசு கட்டியவை. ஒன்றுக்குக் கிடைத்த பராமரிப்பு மற்றதற்கும் கிடைக்க வேண்டும்.